தேனருவிப் பாறையில் எட்டு அடை

தென்காசி,
14-10-1937

அன்பு மகள் ஞானப்பூவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் சுகம், பசு சுகம், அப்பாவும் கண் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சுகம். ஈப்போவில் நீயும் மாப்பிள்ளையும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருப்பதை உன் கடிதத்தில் கண்டு சந்தோஷம். எப்போதும் அப்பாதான் முத்து முத்தாக எழுதுவார், நான் அடியில் குறுக்கே இரண்டு வரி கிறுக்கிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். இந்தத் தடவை கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பயந்துவிடாதே. நேற்று அவரும் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் எழுதினார், முடித்து என்னிடம் நீட்டினார், பார்த்தால் பத்து வரியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது. நான் சிரித்துவிட்டேன், அவ்வளவுதான். உடனே ரோஷம் வந்து பேனாவை என் கையில் திணித்து, எல்லாரும் சுகம், ஒரு சோலியா பாளையங்கோட்டைக்குப் போறோம்னு மட்டும் எழுதுட்டி, வேற ஒரு எழுத்து எழுதக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு ஸ்டூடியோவுக்குப் போய்விட்டார். எல்லாரும் சுகம். ஒரு சோலியாகப் பாளையங்கோட்டைக்குப் போகிறோம். அவர் சொன்னதை எழுதியாயிற்று, இனி எழுதுவதெல்லாம் என் இஷ்டம்.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன், பிறகு மறந்துபோவேன். ஆடி மாதம் அப்பா செண்பகாதேவி அருவிக்கு ஏறிப் போய் மலையைப் படம் பிடித்து உனக்கு அனுப்பினாரே, அதற்கு நீ என்ன பதில் எழுதினாய்? மலை முகட்டில் மேகம் தவழுகிற அழகை என்னவென்று சொல்ல அப்பா, பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாள்கூட மூக்கில் விரல் வைத்தாள் என்று எழுதினாய். அடி பாவி, அன்றைக்கு மேகமே இல்லை. ஆடியில் அப்படி ஒரு நாள் வாய்ப்பதே அபூர்வம், வானம் கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி இருந்தது. நீ மேகம் என்று கண்டதெல்லாம் அப்பா கண்ணில் விழுந்திருக்கிற புரை. உனக்கு அது தெரியாது, அப்பா மனசு நோகக் கூடாது என்று ஒரு நல்ல வார்த்தை எழுதியிருக்கிறாய், சரி. ஆனால் அந்த மனுஷன் உன் கடிதத்தை ஸ்டூடியோ சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார். படம் எடுக்க வருகிறவர்களையெல்லாம் அதன் முன்னால் நிறுத்தி, மலாயாவில் என் படத்தைப் பற்றி என்ன சொல்லுதாவ பாரும் என்று மனப்பாடமாக ஒப்பிக்கிறார், ஏனென்றால் அவரால் அதை வாசிக்க முடியாது.

இனிமேல் முகம் எடுக்கப் போவதில்லை, மலைதான் எடுக்கப் போகிறேன் என்றும் ஆரம்பித்துவிட்டார். முப்பது வருஷம் அன்னமும் அரண்மனையும் எழுதின திரைக்கு முன்னால் ஜனங்களை நிறுத்தி நிறுத்திச் சலித்துவிட்டதாம். மலை கண் சிமிட்டாது, மூக்கு பெரிதாக வந்துவிட்டதென்று சண்டைக்கு வராது என்கிறார். உண்மை அதுவல்ல. சண்டைக்கு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். இலத்தூரில் ஒரு பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டுவதற்காகப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டு, இதிலே ரெண்டு பொண்ணுல்லா நிக்கி, எங்களுக்கு எதைத் தாரிய என்று கேட்டார்களாம். பெண்ணின் தகப்பனார் படத்தைக் கொண்டுவந்து அப்பாவின் மேஜையில் எறிந்துவிட்டுப் போனார். நம்முடைய சபை ஐயரவர்கள் குடும்பத்தோடு வந்து எடுத்த படத்தில் எல்லாத் தலையைச் சுற்றியும் ஒளிவட்டம். அவர் மட்டும் சந்தோஷமாக அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார், நானும் அவருடைய விசுவாசத்தைக் கெடுக்கவில்லை. அப்பாவைக் கேட்டால் பிளேட் சரியில்லை, சாரல் ஈரம், மருந்து பழசு, ஜனங்கள் ஆடிவிடுகிறார்கள் என்று ஊரில் உள்ள எல்லாவற்றின் மேலும் பழி சொல்லுவார், கண்ணை மட்டும் விட்டுவிடுவார். சீசனுக்குக் குளிக்க வந்த பாளையங்கோட்டைக் கண் டாக்டர் ஒருவரை நான் தந்திரமாகக் குடும்பப் படம் எடுக்க என்று ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய்ப் பார்க்க வைத்தேன். அவர் அப்பாவின் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, இப்போது எடுத்தால் பார்வை வரும், இன்னும் தள்ளிப்போட்டால் பிறகு எடுத்தும் பிரயோசனமில்லை என்று என் எதிரிலேயே சொன்னார். பத்து நாள் கண்ணைக் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, இருமாமல் திரும்பாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டுமாம். அப்பா அதைக் கேட்டுவிட்டு, செத்தபொறவு படுக்கத்தான போறேன், அதுக்கு இப்பமே என்ன பழக்கம் என்று எழுந்து போய்விட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் தினமும் கச்சேரிதான். கடைசியில் அவரே ஒரு பந்தயம் கட்டினார். தேனருவிப் பாறையில் தேனடை தொங்குகிறதல்லவா, அதை ஒவ்வொன்றாக எண்ணுகிற மாதிரி சுத்தமாக ஒரு படம் எடுத்துக்காட்டுவாராம். எடுத்துட்டேன்னா என் கண்ணப் பத்தி நீ சாகுத மட்டும் பேசக் கூடாது, படம் மங்கிப்போச்சுன்னா நீ சொல்லுத டாக்டர்ட்ட வாரேன் என்றார். பந்தயம் கட்டுவது பாவம் என்று ஐயரவர்கள் பிரசங்கம் பண்ணியிருக்கிறார்தான், ஆனாலும் நான் உடனே சரி என்றேன். காலண்டர் பக்கத்தில் நின்றுகொண்டு தேதி கேட்கிறவர் தேனடையை எங்கே எடுக்கப் போகிறார், ஜெயித்தது நான்தான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். பிறகுதான் யோசனை வந்தது. அந்த வழுக்குப் பாறையில் கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் இந்த மனுஷன் ஏறினால் பந்தயத்தில் ஜெயித்து நான் யாரிடம் சொல்லிக்கொள்வது? அதனால் கட்டுச்சோறு கொண்டுவருகிற சாக்கில் நானும் வருவேன் என்று நின்றுவிட்டேன்.

போன மாதக் கடைசியில் விடியற்காலம் வண்டி பிடித்துக் குற்றாலம் போய் அங்கிருந்து ஏறினோம். கேமராப் பெட்டியும் ஸ்டாண்டும் தூக்குவதற்குச் சுடலையாண்டி வந்தான். சீசனில் பேரருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள், சீசன் முடிந்தால் சும்மா இருப்பவன், யார் முதுகைப் பார்த்தாலும் கை பரபரக்கும் அவனுக்கு. நானும் முப்பத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், பேரருவியில் தலையைக் கொடுத்ததோடு சரி, அதற்கு மேலே மலை என்று ஒன்று இருப்பது எனக்குத் துணி காயப்போடும்போது மழை வருமா என்று பார்க்கத்தான். கணுக்காலில் புகையிலைச் சாறு பூசிக்கொள்ளச் சொன்னார்கள், அட்டை ஏறாதாம். பூசினேன். அட்டைக்குப் புகையிலைப் பழக்கம் இருந்திருக்கும் போல, அப்பாவையும் சுடலையாண்டியையும் விட்டுவிட்டு என்னிடமே வந்தது. சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் ஏறினதைச் சபையார் யாரும் பார்க்கவில்லை என்பது ஒரு நிம்மதி. செண்பகாதேவிக்கு அப்புறம் ரிசர்வ் காடு. பாரஸ்ட் கார்டு உச்சிமாகாளி வழியை மறித்து, கேமரா கொண்டுபோகச் சட்டத்தில் இடமில்லை என்றான். தொப்பியும் துப்பாக்கியுமாக உன்னை ஒரு படம் எடுக்கிறேன் என்று அப்பா சொன்னதும் சட்டத்தில் இடம் வந்துவிட்டது. அதற்கு மேலே பாதை என்பது கிடையாது, ஆற்றுக்குள்ளேயே பாறை பாறையாகத் தாண்டிப் போக வேண்டும். அப்பாவுக்கு முன்னால் நான் நடந்தேன். கையைப் பிடித்தால் உதறிவிடுவார் என்பதால், அய்யோ வழுக்குதே, இந்தப் பாறை ஆடுதே என்று எனக்குப் பயமாக இருப்பது போலச் சத்தம் போட்டுக்கொண்டே போனேன், அந்தச் சத்தத்தை வைத்து அவர் கால் வைத்தார். நல்ல தொண்டை இருந்தால் மலையேறலாம்.

தேனருவி வந்ததும் நான் கொஞ்ச நேரம் வாயடைத்துப்போனேன், அது என் வாழ்க்கையில் சாதாரணமாக நடக்கிற காரியமில்லை. இரண்டு பக்கமும் பாறை சுவர் மாதிரி நிற்கிறது, நடுவில் தண்ணீர், பாறைக்கு அடியில் கறுப்புக் கறுப்பாக அடை தொங்குகிறது. அப்பா ஸ்டாண்டை நிறுத்திக் கேமராவை மாட்டினார். அதற்குள் சுடலையாண்டி முகம் கழுவி, மடியிலிருந்த எண்ணெயைத் தலையில் தடவிச் சீவி, அருவியை மறைத்துக்கொண்டு விறைப்பாக நின்றுவிட்டான். தள்ளி நில்லுலே, மலைய எடுக்கணும் என்று அப்பா சொன்னதற்கு அவனுக்கு வந்ததே கோபம், ஆளில்லாத படம் எழவு வீட்டுக்குக்கூட ஆகாதே அண்ணாச்சி, இந்த மலையைப் பாக்கணும்னா சனங்க வெளிய வந்து பாத்துக்கிட மாட்டாவளா என்று கேட்டான். எனக்கும் அவன் சொன்னது நியாயமாகவே பட்டது. அவனுக்குத் தனியாக ஒரு படம் என்று பேசி நகர்த்தினோம்.

பிறகு அப்பா கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். விட்டவர் வெளியே வரவில்லை. கை மட்டும் வெளியே கேமராவின் திருகைத் திருப்புகிறது, அந்தப் பக்கம் திருப்புகிறது, இந்தப் பக்கம் திருப்புகிறது, மறுபடி முதலிலிருந்து. நானும் சுடலையாண்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வெகு நேரம் கழித்து வெளியே வந்தார், முகமெல்லாம் வேர்வை. துணிக்குள்ள ஒரே புழுக்கம், இருட்டுக்குக் கண்ணு பழகலை, நீ ஒரு தடவ பாருட்டி, அடை தெளிவா தெரியுதான்னு மட்டும் சொல்லு என்றார். சத்தம் எப்போதும் போல அதிகாரமாகத்தான் இருந்தது, ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் வெள்ளெழுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு துணிக்குள் போனேன். ஞானப்பூ, அதை உனக்கு எப்படிச் சொல்ல. கேமராவின் முதுகிலிருக்கிற தேய்த்த கண்ணாடியில் மலை தலைகீழாகத் தொங்குகிறது. ஆகாயம் கீழே கிடக்கிறது, அருவி கீழேயிருந்து மேலே ஏறிப் போகிறது, அதுவும் எந்தக் கஷ்டமும் இல்லாமல். முதலில் எல்லாம் கஞ்சி போலக் கலங்கியிருந்தது. திருகை மெல்லத் திருப்பினேன், பாறை வந்தது, பாறையில் வெடிப்பு வந்தது, அடை ஒவ்வொன்றாக வந்தது, ஒரு இடத்தில் எல்லாம் சேர்ந்து கத்தி மாதிரி நின்றது.

நின்ற அந்த நிமிஷத்தில் எனக்குப் புரிந்தது, இந்தத் திருகை ஒரு நெல் அளவு பின்னால் தள்ளினால் படம் மங்கிப்போகும், நான் பந்தயத்தில் ஜெயிப்பேன், அவர் ஆஸ்பத்திரிக்கு வருவார், அவர் கண் பிழைக்கும். தெளிவாக விட்டால் அவர் ஜெயிப்பார், கண் போகும். உன் அம்மா ஒன்றும் பரிசுத்தவாட்டி இல்லை. ஐயரவர்கள் வந்தால் மோரில் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், உன் கல்யாணத்துக்கு உன் வயதில் இரண்டைக் குறைத்திருக்கிறேன், இதைச் செய்ய எனக்கு எவ்வளவு நேரம்? தள்ளத்தான் நினைத்தேன், கை திருகின் மேல்தான் இருந்தது. ஆனால் முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் என்னைக் கேமராவுக்கு முன்னால் நிறுத்தி அசையாதே, சிரிக்காதே, அங்கே பார் என்று சொல்லியிருக்கிறாரே தவிர, உனக்கு என்ன தெரிகிறது என்று கேட்டது அன்றைக்குத்தான். அப்படிக் கேட்டவருக்குப் பொய்யான படத்தைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. துணிக்குள் கொஞ்சம் அழுதேன், புழுக்கம் என்று அவரைப் போலவே சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். தெளிவாக இருக்கிறது என்றேன். அவர் பிளேட்டைப் போட்டு, மூடியைக் கழற்றி, நாலு எண்ணி மூடினார்.

இனி நடந்ததைக் கேள். மூன்றாம் நாள் படம் போட்டு எடுத்து, காய்ந்த பிறகு முற்றத்து வெயிலுக்குக் கொண்டுவந்தார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்க்கிறார், கண்ணுக்குக் கிட்டே பிடிக்கிறார், தள்ளிப் பிடிக்கிறார். நான் அரிவாள்மணையில் மீனை நறுக்கிக்கொண்டே பார்க்கிறேன். முகம் அப்படியே விழுந்துவிட்டது. வரலைட்டி, மங்கிப்போச்சு, நான் தோத்துட்டேன் என்று படத்தை என் பக்கத்தில் வைத்தார். எட்டிப் பார்த்தேன். தண்ணீர் பஞ்சு போல வந்திருந்தது, அது அப்படித்தான் வருமாம், மற்றபடி பாறை, வெடிப்பு, அடை, அடையின் கீழே சொட்டுகிற ஈரம் வரைக்கும் ஊசி குத்தினது போலத் தெளிவு. நான் எடுத்ததாக்கும் என்று கத்த வேண்டும் போல ஒரு பெருமை, உடனே இன்னொரு பக்கம் புத்தி சொல்லுகிறது, வாயை மூடு ரத்தினம், அவர் தோற்றுவிட்டதாக அவரே சொல்லுகிறார், உனக்கு வேறே என்ன வேண்டும். மூடிக்கொண்டேன். மீன் குழம்பு கொதிக்கிற வரைக்கும் மூடிக்கொண்டேதான் இருந்தேன், அதற்குள் சுடலையாண்டி தன் படத்தை வாங்கிப்போக வந்து சேர்ந்தான். வந்தவன் இதை எடுத்துப் பார்த்து, ஆத்தாடி, அண்ணாச்சி, ஒண்ணு ரெண்டு மூணு என்று விரல் வைத்து எண்ணி ஏழு அடை என்றான், பிறகு, இந்தா மூலையிலே இன்னொண்ணு, எட்டு என்றான். அப்பா அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். உனக்கும் எட்டாட்டி தெரியுது என்று கேட்டார். எட்டு என்றேன். மீன்சட்டி பொங்கி வழிகிறது, இறக்க எனக்குத் தோன்றவில்லை. அவர் படத்தைத் திரும்ப வாங்கித் தடவிப் பார்த்தார், தடவினால் தெரிந்துவிடும் என்கிற மாதிரி. ஜெயித்துவிட்டோம் என்கிற சந்தோஷம் எனக்கு ஒரு துளிகூட வரவில்லை என்பதை நீ நம்ப வேண்டும்.

தடவிக்கொண்டிருந்தவர் திடீரென்று, அப்போ படம் நல்லாத்தான வந்திருக்கு, பந்தயத்துல நான்லா ஜெயிச்சிருக்கேன் என்றாரே பார்க்கலாம். எனக்கு வந்த கோபத்தில் அரிவாள்மணை பக்கத்தில் இல்லாதது நல்லதாயிற்று. வாயைத் திறந்தேன். நீ பேசப்படாது, சாகுத மட்டும் கண்ணப் பத்திப் பேச மாட்டேன்னு ஒத்துக்கிட்டே, நான்தான் பேசணும் என்று கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு, பாளையங்கோட்டைக்கு என்னைக்குப் போவோம் என்று கேட்டார். அவ்வளவுதான் பேச்சு. குழம்பு அடிப்பிடித்துவிட்டது, இரண்டு பேரும் அதையே சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை ரயிலுக்குக் கிளம்புகிறோம், புதன்கிழமை புரையை எடுக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, உன்னிடம் மறைப்பானேன். டாக்டர் கெட்டிக்காரர் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள், இருந்தாலும் கத்தி கத்திதானே. வீட்டையும் பசுவையும் எதிர்வீட்டு வடிவாம்பாள் பார்த்துக்கொள்ளுவாள், ஸ்டூடியோ சாவி என் மடியில். மாப்பிள்ளையைக் கப்பல் ஏறி ஓடிவரச் சொல்லாதே, அவர் வந்து சேருவதற்குள் கட்டு அவிழ்த்து அப்பா எல்லாரையும் விரட்டிக்கொண்டிருப்பார். நீ மழையில் நனைந்துகொண்டு மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்து, டப்பா மீனைக் குறை, பதில் எழுதும்போது அப்பாவுக்கென்று பெரிய பெரிய எழுத்தாக எழுதிவிடாதே, ரோஷம் வரும். இந்தப் பத்து நாளாகத் தினமும் சாயங்காலம் அந்தப் படத்தை என் கையில் கொடுத்து இடது ஓரத்திலிருந்து சொல்லுட்டி என்கிறார். நானும் வேதம் வாசிக்கிற மாதிரி சொல்லுகிறேன், இங்கே ஒரு பட்ட மரம், அதற்குப் பக்கத்தில் வெடிப்பு, வெடிப்பில் ஒரு செடி, அப்புறம் முதல் அடை. நேற்று மரத்தை விட்டுவிட்டு வெடிப்புக்குப் போய்விட்டேன், மரத்த எங்கட்டி வெட்டிட்டே என்று அதட்டுகிறார். எடுத்தவள் நான், பார்க்க முடியாதவர் அவர், என்னைத் திருத்துகிறவரும் அவர்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் பாம்பு பூச்சி காய்ச்சலுக்கு விலக்கிக் காத்து, நிறைந்த வீடாக வைக்கட்டும். ஜெபத்தில் அப்பாவை நினைத்துக்கொள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் என்ன ஜெபம் பண்ண வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன், மறந்துவிடாதே. மணல் மூட்டைக்கு நடுவில் அவர் அசையாமல் கிடக்க வேண்டுமே, அந்தப் பத்து நாளும் நான் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைச் சொல்லத்தான் போகிறேன். சொல்லும்போது அருவிக்குக் கீழே ஒரு யானை நிற்கிறது, இத்தனை நாள் நான் கவனிக்கவில்லை என்று சேர்த்துச் சொல்லிவிடுவேன். யானை எவ்வளவு பெரிசு, கொம்பு இருக்கிறதா, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று தினமும் கேட்பார், நானும் தினமும் சொல்லுவேன். கட்டு அவிழ்க்கிற அன்று படத்தைக் கையில் கொடுப்பேன். அவர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பொய்க்காரி, யானை எங்கட்டி என்று ஆஸ்பத்திரி அதிரும்படி என்னோடு சண்டைக்கு வர வேண்டும். அந்தச் சண்டை எனக்குக் கிடைக்க வேண்டும் என்று ஜெபம் பண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா
ரத்தினம் அருமைநாயகம்